ஊசியில்லா இன்சுலின்: எவர்க்கு வேண்டிய விடுதலை?

மருத்துவ விஞ்ஞானத்தின் வளர்ச்சி பற்றிப் பேசப்புகும் நம்மவருள் ஒரு சாரார்க்கு அண்மைக்காலமாகப் புதியதொரு சுலோகம் கிடைத்திருக்கிறது. 'ஊசியில்லா உலகம்' என்பது அது. மேலைநாட்டு நீரிழிவு நோயாளர் ஊசியைக் கைவிட்டு, தோலைத் துளையாமலே மருந்தைச் செலுத்தும் கருவிகளுக்கு மாறிவருகின்றனராம். நாமோ நூறாண்டுப் பழமைவாய்ந்த குத்தும் முறையையே இன்னும் பற்றிக்கொண்டிருக்கிறோமாம். ஆகவே இக்கருவியை எம் வைத்தியசாலைகளுக்கும் வரவழைக்க வேண்டும், அரசு தராவிடின் புலம்பெயர்ந்தோர் நிதி திரட்டியேனும் தரவேண்டும் என்பது இவர்தம் முடிவு. கருத்தரங்குகளில் இக்கூற்றைக் கேட்டுக் கைதட்டியோருள் மருத்துவபீட மாணவரும் இருந்தனர் என்பதே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று. நான் மறுப்பது கருவியையன்று. அக்கருவியை முன்னிறுத்தி, நோயாளியின் துன்பம் ஊசிமுனையில் இருக்கிறது என்று நிறுவ முயலும் வாதத்தையே மறுக்கிறேன்.

முதலிற் கருவியை அறிந்துகொள்வோம். 'ஜெற் இன்ஜெக்ரர்' என ஆங்கிலவழி வழங்கும் இதனை ஈண்டுத் தாரைக்கருவி என்போம். சுருள்வில் ஒன்றின் விசையினாலோ அழுத்திய வாயுவினாலோ மருந்து மிக நுண்ணிய துளையொன்றினூடாக வெளியே தள்ளப்படுகிறது. அத்துளையின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கைச் சற்றே மிஞ்சும். செக்கனுக்கு நூறு மீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் வரும் அத்தாரை தானே ஊசியாகித் தோலைத் துளைத்து, அடியிலுள்ள கொழுப்புப் படையிற் சென்று விசிறிபோற் பரவுகிறது. 'தோலைத் துளையாமல்' என்பது, ஆகவே, விளம்பரக்காரர் மொழி. உலோகம் செய்த துளையைத் திரவம் செய்கிறது; அவ்வளவே.

இன்சுலினை விழுங்கினாலென்ன என்று வினவுவோர் இன்றும் உளர். இன்சுலின் ஐம்பத்தொரு அமினோ அமிலங்களாலான புரதம். இரைப்பையும் குடலும் அதனை நாம் உண்ட மீனையும் பருப்பையும்போலவே சமித்துவிடும். ஆதலின் 1921 இல் ரொறன்ரோவில் பான்ரிங்கும் பெஸ்ற்றும் அதனைப் பிரித்தெடுத்த நாள் முதலாய், அடுத்த ஆண்டு தை மாதத்தில் பதினான்கு வயதுச் சிறுவனொருவனுக்கு அது முதன்முதல் ஏற்றப்பட்ட நாள் முதலாய், தோலைக் கடந்தே அது உடலுட் புகவேண்டியிருந்தது. கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமத்தை ஆளுக்கொரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். மருந்து எல்லார்க்கும் எட்டவேண்டும் என்பதே அன்றைய கவலை. எக்கருவியால் ஏற்றுவது என்பதன்று. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

தாரைக்கருவி புதியது என்பது முதற் பொய். தோலூடு நீரைப் பீய்ச்சும் கருவியொன்று 1860களிலேயே பிரான்சிற் காட்டப்பட்டது. 1940களில் 'ஹைப்போஸ்பிறே' என்ற பெயரில் அமெரிக்கர் அதனை மருத்துவத்துக்குரியதாக்கினர். இன்சுலினுக்கென்றே அமைந்த தாரைக்கருவிகள் 1980களில் அமெரிக்கச் சந்தையில் இருந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செல்வந்த நாடுகளின் கடைத்தட்டில் இருந்தும், காப்புறுதியும் வருமானமும் உள்ள அந்நாட்டு நோயாளரிற் பெரும்பாலோர் இதனை நாடவில்லை. அவர்கள் பேனா வடிவ ஊசிக்கும், பின்னர் இன்சுலின் பம்புக்கும் சென்றனரேயன்றித் தாரைக்கருவிக்குச் செல்லவில்லை. அவர்களே கொள்ளாததை நாம் கொள்ளாதிருப்பதைப் பின்தங்கிய நிலை என்பது எவ்வகை நியாயமோ அறியேன்.

இக்கருவியின் வரலாற்றில் நாம் கற்கவேண்டிய அத்தியாயம் ஒன்றுண்டு. பெரியம்மை ஒழிப்பு இயக்கம் 1967 இல் முடுக்கிவிடப்பட்டபோது, காலால் மிதித்து இயக்கும் தாரைக்கருவிகள் மேற்கு ஆபிரிக்காவுக்கும் பிரேசிலுக்கும் கொண்டுசெல்லப்பட்டன. மணிக்கு ஆயிரம்பேர்வரை அம்மைப்பால் ஏற்றவல்லன அவை. வரிசையில் நிறுத்தக்கூடிய சனத்திரள் இருந்த இடங்களில் அவை பெரும்பணி புரிந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் பழுதுபட்டாற் செப்பனிடக் கைதேர்ந்தவர் வேண்டும், உதிரிப்பாகம் வேண்டும், கிராமத்துக்குக் கிராமம், வீட்டுக்கு வீடு நடக்கவேண்டிய நிலத்தில் அவை சுமையாயின. அக்காலத்திலேயே பெஞ்சமின் றூபின் என்பார், முனை இரண்டாய்ப் பிளந்த சிறிய ஊசியொன்றை அமைத்தார். இரு பற்களுக்கிடையே ஒரு துளி அம்மைப்பால் தொங்கிநிற்கும். முன்னைய முறைக்கு வேண்டிய மருந்தின் நாலிலொரு பங்கே போதும். கொதிநீரில் அவித்து மீண்டும் மீண்டும் பாவிக்கலாம். எழுத்தறியாத கிராமத்தவருக்கும் சில நிமிடங்களிற் கற்பிக்கலாம். அதன் உரிமத்தொகையை உற்பத்தி நிறுவனம் விட்டுக்கொடுத்தது. இந்தியாவில் 1975 இலும் சோமாலியாவில் 1977 இலும் அந்நோயின் கடைசி மூச்சை நிறுத்தியது அவ்வூசியே. மனிதரைப் பீடிக்கும் தொற்றுநோயொன்று முற்றாக ஒழிக்கப்பட்ட அந்த ஒரே முறையில், விரைவான பொறியை முந்திச் சென்றது ஓர் இரும்புத் துண்டு. பொறி தரங்குறைந்தது என்பதன்று காரணம். எவர் கையில், எந்த ஒழுங்கையில் அது இயங்கவேண்டும் என்ற வினாவுக்கு ஊசி விடை வைத்திருந்தது, பொறி வைத்திருக்கவில்லை.

பிற்காலக் கதையும் உவப்பானதன்று. 1984–85 இல் கலிபோர்ணியாவில் உடல்மெலிவுச் சிகிச்சை நிலையமொன்றில் ஒரே தாரைக்கருவியைப் பலர்க்கும் பாவித்ததால் கல்லீரல் அழற்சி பி நோய் பரவிற்று. தோலிற் பட்டுத் தெறித்த குருதித்துளி முனையில் ஒட்டிநின்று அடுத்தவர் உடலுட் சென்றமையே காரணம். 1997 இல் அமெரிக்க இராணுவமும் அத்தகு கருவிகளைக் கைவிட்டது. இன்று விற்பனையாகும் இன்சுலின் கருவிகள் ஒருவருக்கே உரியன, முனையை மாற்றிக்கொள்ளத்தக்கன. எனவே பழைய பழியை இவற்றின்மேற் சுமத்துவது நேர்மையாகாது, நான் சுமத்தவுமில்லை. ஆனால் ஒன்றைக் கேட்பேன். ஒரே சிறிஞ்சியைப் பல நாள் பாவிக்க வறுமையால் நெருக்கப்படும் ஒரு வீட்டில், தந்தைக்கும் தாய்க்கும் நீரிழிவு இருக்குமாயின், விலைகூடிய அக்கருவி ஒன்றுதான் அவ்வீட்டில் இருக்குமாயின், 'ஒருவருக்கே உரியது' என்ற அறிவுறுத்தல் எத்தனை நாள் நிற்கும்?

தாரைக்கருவிக்குச் சார்பான உண்மைகளை மறைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர் 2011 இல் வெளியிட்ட முடிவு கவனத்துக்குரியது. விரைவாகச் செயற்படும் இன்சுலினைத் தாரைக்கருவியால் ஏற்றியபோது குருதியில் அதன் உச்சம் ஏறத்தாழ அரைமணி நேரத்தில் எய்தப்பட்டது. பேனா ஊசியால் ஏற்றியபோது அதற்கு ஒரு மணிக்கு மேலாயிற்று. மருந்து ஒரே குட்டையாகத் தேங்காமல் விசிறியாய்ப் பரவுவதால் அது விரைவாக உறிஞ்சப்படுகிறது. உணவு உண்ட உடனே ஏறும் வெல்லத்தை அடக்க இது உதவும் என்பது வெளிப்படை. அதே குழுவினர் பின்னர் நோயாளரிடம் செய்த பரிசோதனையில், உணவுக்குப் பின்னான முதல் ஒரு மணிநேரத்தில் நன்மை தெரிந்தது. ஐந்து மணிநேரத்தை ஒருசேரக் கணித்தபோது வேறுபாடு மறைந்தது. இதுவே கருவியின் நிறைவான நியாயம். முதல் ஒரு மணிநேரம்.

அந்த ஒரு மணிநேரத்தை முரசுமோட்டைக்குக் கொண்டுசென்று பார்ப்போம்.

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியிற் கிழக்கே செல்வோர் இருமருங்கும் வயல்வெளி விரியக் காணும் ஊர் எம்மூர். இரணைமடு நீரால் விளையும் நிலம். அங்கு அரச வைத்தியசாலை தரும் இன்சுலின் பெரும்பாலும் புட்டியில் வருவது. குறுகிய நேரம் செயற்படுவதும் இடைநேரம் செயற்படுவதும் கலந்த கலவை. விடியலில் அதனை ஏற்றிக்கொண்டு வயலுக்குச் செல்பவர், வரம்பிலே தேநீரோடு நின்றுவிட்டு, காலை உணவை ஒன்பது மணிக்கோ பத்து மணிக்கோ உண்பார். அருவிவெட்டுக் காலமாயின் அதுவும் பிந்தும். இவருக்கு வேண்டியது மருந்து விரைந்து உறிஞ்சப்படுவதா? உணவு வருமுன்னே உச்சத்தை எட்டும் இன்சுலின், வெயிலில் நிற்கும் மனிதனை வரம்பிலே மயங்கி விழவைக்கும். நெதர்லாந்தில் நன்மையாயிருப்பது இங்கே தீமையாய் முடியக்கூடும். மேலும் தாரை எவ்வளவு ஆழஞ்செல்லும் என்பது தோலின் தடிப்பையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் பொறுத்தது. உழைத்து மெலிந்த உடலில் அது கொழுப்பைக் கடந்து தசையைத் தொடலாம். இவற்றையெல்லாம் எம்மவர் உடலில் எவரும் அளந்து பார்க்காத நிலையில், நிதி திரட்டுவோம் என்று புறப்படுவது அறிவியல் ஆகாது.

இவ்விடத்து என் பெரியையாவின் கதையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. ஒருவர் அனுபவம் ஆய்வாகாது என்பதை அறிவேன், எனினும் சொல்கிறேன். கடல்கடந்து வாழும் மகன் அவருக்கு ஒரு தாரைக்கருவி அனுப்பியிருந்தான். வந்த கிழமையில் ஊரே கூடிப் பார்த்தது. அதன் சுருள்வில்லை முறுக்குவதற்கு இரு கைகளிலும் வலு வேண்டும். எழுபதைக் கடந்த அவருக்குப் பேரன் முறுக்கிக் கொடுத்தான். பேரன் பள்ளிக்குப் போன நாட்களிற் பழைய சிறிஞ்சியே துணை. குறித்த தடவைகளின் பின் மாற்றவேண்டிய முனைகள் இரண்டரை மாதத்தில் தீர்ந்தன. கிளிநொச்சியிலுமில்லை, யாழ்ப்பாணத்திலுமில்லை. கருவி இன்று அலுமாரியில் இருக்கிறது. ஏன் அதனைத் தொடரவில்லை என்று நான் கேட்டபோது அவர் முனைகளைப் பற்றிக் கூறவில்லை. "நோகேல்லைத்தான் மோனை. ஆனா மருந்து உள்ளுக்குப் போச்சுதோ, தோலிலை நிண்டுட்டுதோ எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார். வயிற்றில் ஈரத்தைக் கண்ட நாட்களில் இன்னொருமுறை ஏற்றலாமா விடலாமா என்று தெரியாமல் இருந்திருக்கிறார். கேட்பதற்கு ஆளில்லை. கருவியை அவர் பிடித்த கோணத்திற் பிழை இருந்திருக்கலாம். ஆனால் பிழையைச் சுட்டிக்காட்ட ஒருவரும் இல்லாத இடத்தில், பிழை நேரச் சாத்தியம் மிகுந்த கருவியைக் கொடுப்பது உதவியா?

இனி நோவைப் பற்றிப் பேசுவோம். ஊசியை எதிர்ப்போர் மனத்தில் இருப்பது முன்னாளைய ஊசி. கண்ணாடிக் குழலும், அவித்தெடுத்த தடித்த ஊசியும், மருத்துவமனையின் ஸ்பிரிற்று மணமும். பேனா ஊசி 1985 இல் வந்தது. 2010 தொடக்கம் அதற்கு நான்கு மில்லிமீற்றர் நீளமும் கால் மில்லிமீற்றரிலுங் குறைந்த தடிப்புமுடைய முனை கிடைக்கிறது. மனிதத் தோலின் தடிப்பு ஊசியேற்றும் இடங்களில் ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றரே. ஆகவே நான்கு மில்லிமீற்றர் எவர்க்கும் போதும் என்பது அளந்து கண்ட முடிபு. அம்முனை தைப்பதைப் பலர் உணர்வதேயில்லை. மாறாக, தாரைக்கருவியாற் கண்டலும் சிறு குருதிக்கசிவும் ஏற்படுவதைப் பாவித்தோர் பலர் கூறியுள்ளனர். நோவு குறைக்கும் முன்னேற்றம் என்ற ஒன்று உண்டாயின் அது ஊசியிலேயே நடந்து முடிந்துவிட்டது. எம்மிடம் வந்து சேராதது அந்த மெல்லிய ஊசிதான். புட்டியிலிருந்து இழுக்கும் சிறிஞ்சிக்கு ஆறு அல்லது எட்டு மில்லிமீற்றர் முனை. அதுவும் ஒரு முறைக்கே உரியது. எம் அயலில் அதனை ஒரு கிழமைக்கும் மேலாகப் பாவிப்போரை நான் அறிவேன்; விலையை எண்ணியே பாவிக்கின்றனர். மழுங்கிய முனை நோகும். நோவைத் தவிர்க்க, மரத்துப்போன ஒரே இடத்தில் நாளும் குத்துவர். குத்திய இடம் தடித்துக் கட்டியாகும். கட்டிக்குள் ஏற்றிய மருந்து ஒருநாள் உறிஞ்சப்படும், மறுநாள் உறிஞ்சப்படாது. வைத்தியர் அளவைக் கூட்டுவார். இடத்தை மாற்றிக் குத்தியவுடன் கூட்டிய அளவு முழுதும் ஒருசேர இறங்கி ஆளை வீழ்த்தும். இத்துணைக்கும் காரணம் ஊசி என்ற முறையா, புது ஊசி இல்லாமையா?

அளவுபற்றியும் ஒரு சொல். இந்தியாவில் மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்ட புட்டிகளும் அவற்றுக்கான சிறிஞ்சிகளும் வழக்கில் உள்ளன. 100 அலகு கொண்ட புட்டியிலிருந்து, உறவினர் கொண்டுவந்து கொடுத்த 40 அலகுச் சிறிஞ்சியால் இழுத்தால் நோயாளி இரண்டரை மடங்கு இன்சுலினை ஏற்றிக்கொள்கிறார். சிவப்பு மூடியையும் செம்மஞ்சள் மூடியையும் வேறுபடுத்திக் காட்டும் ஒரு தமிழ்த் துண்டுப்பிரசுரம் ஓர் உயிரைக் காக்கும். அதனை அச்சிட நம் சங்கத்தின் ஒரு கலைவிழாச் செலவு வேண்டியதில்லை.

ஊசிக்கு அஞ்சுகின்றனர் என்கிறீர்கள். யார்? வன்னி மக்களா? 2009 தை மாதத்தில் முரசுமோட்டையை விட்டு அதே வீதிவழியே கிழக்குநோக்கி நடந்தவர்கள் அவர்கள். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என அவர்கள் நகர நகர, கிளிநொச்சி வைத்தியசாலையும் அதே வீதியில் இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. அவர்களிற் பலர் எறிகணைச் சிதறல்களை இன்றும் உடலிற் சுமந்தபடி வயல் செய்கின்றனர். நான்கு மில்லிமீற்றர் இரும்புக்கு இவர்கள் அஞ்சுவதாகச் சொல்வது எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும் பார்வை!

அவர்களிடம் அச்சம் உண்டு. அது வேறோர் அச்சம். 'இன்சுலின் தொடங்கினால் ஆள் முடிஞ்சுது' என்பது ஊரின் கணிப்பு. குளிசையால் அடங்கும்வரை அது 'சீனி வருத்தம்'. இன்சுலின் என்றவுடன் அது சாவின் முன்னறிவித்தலாகிவிடுகிறது. இன்சுலின் ஏற்றத் தொடங்கிய அயலவர் ஈராண்டிற் காலை இழந்ததையும், கண்ணை இழந்ததையும், சிறுநீரகம் பழுதுற்று மாண்டதையும் அவர்கள் கண்டிருக்கின்றனர். மிகத் தாமதமாகத் தொடங்கியமையால் நேர்ந்த அழிவை, தொடங்கியமையால் நேர்ந்ததாகக் கொள்கின்றனர். பிழையான முடிபெனினும், கண்ணாற் கண்டதிலிருந்து பெற்ற முடிபு. பெண்பிள்ளைக்கு இன்சுலின் ஏற்றுவதை மறைக்கும் தாய்மாரும் உளர். கலியாணப் பேச்சு நினைவில் நிற்கிறது. இவ்வச்சத்தைச் சுருள்வில்லும் நுண்துளையும் எவ்வாறு தீர்க்கும்? இன்சுலினை எதனால் ஏற்றினாலும் அது இன்சுலினே. இதனைத் தீர்க்கவல்லது, கிளினிக் கொப்பியைப் புரட்டி அளவை எழுதிக் கையெழுத்திடும் இரண்டு நிமிடத்துக்கு அப்பால், நோயாளியோடு அமர்ந்து பேசும் ஒருவரின் இருபது நிமிடம்.

அடுத்தது குளிர். இன்சுலின் இரண்டு முதல் எட்டுப் பாகை வெப்பத்தில் இருக்கவேண்டும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. கச்சான் காற்று வீசும் ஆடி ஆவணியில் எம்மூர் வெக்கையை அறிந்தவர் அவ்வெழுத்தைப் படித்துச் சிரிப்பர். குளிர்சாதனப் பெட்டி இல்லாதோர் கடைக்காரரின் பெட்டியில், சோடாப் போத்தல்களுக்கு நடுவே, தம் மருந்தை வைத்திருந்து நாளும் நடந்துபோய் எடுத்துவந்த காலம் உண்டு. சிலர்க்கு இன்றும் அதுவே வழி. 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு வெள்ளம் ஊரைச் சூழ்ந்தபோது, மக்கள் பாடசாலைகளில் தங்கினர். அரிசியும் பாயும் வந்தன. இன்சுலின் ஏற்றுவோர் யார் யார் என்ற பட்டியல் எவர் கையிலும் இருந்ததாக நான் அறியவில்லை. இத்துறையில் உண்மையான கண்டுபிடிப்பு எது தெரியுமா? எல்லைகளற்ற மருத்துவர் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் கென்ய அகதிமுகாமொன்றின் வெப்பநிலையைக் கொண்டு செய்து 2021 இல் வெளியிட்ட ஆய்வு. 25 பாகைக்கும் 37 பாகைக்கும் இடையே ஏறியிறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் வைத்திருந்தும் இன்சுலினின் வீரியம் தரத்துக்குக் கீழே குறையவில்லை. ஈரமண் பானைக்குள் வைத்த புட்டி ஒரு மாதம் தாங்கும் என்பதற்கு விஞ்ஞானச் சான்று இது. முகாமில் வாழ்ந்த நோயாளர் நாளுக்கு இருமுறை வைத்தியசாலைக்கு நடப்பதினின்று விடுபட்டு, தம் குடிசையிலேயே தாமே ஏற்றிக்கொள்ள அது வழிகாட்டிற்று. ஊசியில்லா உலகத்துக்குக் கைதட்டிய மண்டபத்தில் இவ்வாய்வை ஒருவர்தானும் குறிப்பிடவில்லை. பானையில் விற்பனைக்குரிய எதுவுமில்லையே!

விற்பனை என்றதும் நினைவுக்கு வருவது 'எக்சுபேரா'. ஊசியே வேண்டாம், இன்சுலினை மூச்சோடு உள்ளிழுங்கள் என்று பைசர் நிறுவனம் கொணர்ந்தது அது. 2006 இல் அனுமதி பெற்றது. 2007 ஒக்ரோபரில் அந்நிறுவனமே அதனைக் கைவிட்டு 280 கோடி டொலரை நட்டக் கணக்கில் எழுதிற்று. நோயாளரின் முதற்கவலை ஊசியே என்ற கணிப்பில் உலகின் மிகப்பெரிய மருந்து நிறுவனமொன்றே தோற்றது. விலையும், கருவியின் பருமனும், நுரையீரல் பற்றிய ஐயமும் ஊசியின் சிறு குத்தைவிடப் பாரமாயின. அப்பாடத்தை அவர்கள் கற்றுவிட்டனர். நாம் இனிமேற்றான் காசு கொடுத்துக் கற்கவேண்டுமா?

இவ்வாறு சொல்லும்போது எதிர்வாதமொன்று எழும், அது மதிக்கத்தக்கது. "ஏழைக்கு மலிவானதே போதும் என்கிறீரா? நல்லதை மறுக்கிறீரா?" என்பர். இல்லை. ஊசியைக் கண்டதும் மயங்கிவிழும் நோயாளர் உளர். நாளுக்கு நான்குமுறை குத்தப்பட வேண்டிய பச்சிளம் பிள்ளைகள் உளர். வைத்தியர் ஒருவர் பார்த்துப் பழக்கி, முனைகள் தடையின்றிக் கிடைக்கச்செய்து, அவர்களுக்குத் தாரைக்கருவி தருவதை நான் வரவேற்பேன். கூரிய கழிவு இல்லை என்பதும் அதன் மெய்யான சிறப்பு. எம்மூர் முற்றங்களிற் பிள்ளைகள் வெறுங்காலுடன் ஓடுகின்றனர். பயிற்சி பெற்ற ஒருவர் பலர்க்குத் தடுப்பு மருந்து ஏற்றும் இடத்தில் இது உகந்த கருவி என்பதற்கு, 2021 இல் இந்தியா அனுமதித்த சைடஸ் நிறுவனத்தின் கொரோனாத் தடுப்பு மருந்து தாரைக்கருவியாலேயே ஏற்றப்பட்டமை சான்று. நான் மறுப்பது, ஒருசிலர்க்கு உதவும் கருவியை எல்லார்க்குமான விடுதலையாக அறிவித்து, எல்லார்க்கும் வேண்டியதைப் பேச்சிலிருந்து நீக்கும் வேலையை.

இந்நாட்டில் இவ்வினாவை ஒருமுறை சரியாக எழுப்பிய மனிதர் இருந்தார். பேராதனையில் மருந்தியற் பேராசிரியராயிருந்த சேனக பிபிலே. இறக்குமதியாகிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துவகைகளை ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கலாம், வணிகப்பெயரை விட்டுப் பொதுப்பெயரால் மொத்தமாகக் கொள்வனவு செய்யலாம் என்று 1971 இல் அவரும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அறிக்கை தந்தனர். அவ்வழியில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழுந்தது. 'எது புதிது' என்று அவர் கேட்கவில்லை. 'எது எத்தனை பேருக்கு வேண்டும்' என்று கேட்டார். அவர் மறைந்த 1977 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்சுலின் இடம்பெற்றது. 2022 இல் நாடு கடன் கட்ட முடியாது நின்று வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, அவ்வினாவை மறந்ததன் விலையை நாம் கண்டோம். அந்த ஆண்டில் மருந்தகத்தின் வாசலில் நின்றவர் எவரேனும், 'ஊசியில்லாமல் ஏற்ற வழியுண்டா' என்று கேட்டிருப்பாரா?

இறுதியாக, எம்மவர் எண்ணிக்கை. 2005–2006 இல் நடந்த தேசிய நீரிழிவு ஆய்வு, வளர்ந்தோரிற் பத்துப்பேரில் ஒருவர்க்கு நோயுண்டு என்றது. இன்றும் எல்லாக் கட்டுரைகளிலும் மேற்கோளாக வரும் ஆய்வு அது. ஏழு மாகாணங்களில் மட்டுமே அது நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. 2018–2019 இன் ஆய்வு ஏறத்தாழ நால்வரில் ஒருவர் என்றபோது, எத்துணை விரைவாக நோய் பெருகிற்று என்று தெற்கைப்பற்றிச் சொல்லலாம். எம்மைப்பற்றிச் சொல்ல முன்னைய கணக்கே இல்லை. எங்கிருந்து எங்கே வந்தோம் என்பது எமக்குத் தெரியாது. இத்தகைய நிலத்தில் முதலில் வேண்டுவது கருவியா, கணக்கா?

கணக்கு எடுப்பது எம்மால் இயலாத காரியமன்று. முரசுமோட்டையையும் அதன் அயற்கிராமங்களையும் எடுத்துக்கொள்வோம். இன்சுலின் ஏற்றுவோர் எத்தனை பேர்? ஒரு சிறிஞ்சியை எத்தனை நாள் பாவிக்கின்றனர்? வாங்கிய விலை என்ன? புட்டி எங்கே வைக்கப்பட்டுள்ளது? வயிற்றிலும் தொடையிலும் கட்டி உண்டா? கிளினிக்குக்குச் சென்றுவர எத்தனை மணிநேரம் போகிறது, எத்தனை நாட்கூலி போகிறது? மருத்துவபீட மாணவர் நால்வரும் புவியியற்றுறை மாணவர் இருவரும் ஒரு விடுமுறையிற் செய்து முடிக்கலாம். வைத்தியசாலை அதிகாரிகளின் அனுமதியும் பேராசிரியர் ஒருவரின் மேற்பார்வையும் வேண்டும். தங்குவதற்கு என் பெரியையாவின் வீட்டுத் திண்ணை உண்டு. காலபோக நெல் வீட்டுக்கு வந்தபின், பங்குனியில், மக்கள் வீட்டில் இருப்பர். வர விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.